முதல் தூண் இறங்கும் முன்னே சத்தத்துக்கு ஒரு எண் வேண்டும்

அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, "அந்தச் சத்தத்துலதான் தூக்கமே வரும்" என்பாங்க. கரண்ட் போய் தறி நின்றால்தான் முழிப்பு வரும். ஆனா அதே ஆளை, பக்கத்து மனையில் ரிக் வண்டி வந்து போர் போடும் ராத்திரி கேளுங்க. ஜன்னல் அதிரும், குழந்தை அழும், நாய் கட்டிலுக்கு அடியில் ஓடிப்போய்ப் படுத்துக்கும். காலையில் தெருவே கண் சிவந்து நிற்கும். பழகின சத்தம் வேறு, திடீரென்று வந்து விழுகிற சத்தம் வேறு.

இந்தக் கட்டுரை கடலைப் பற்றியது. "சேலத்துக்காரனுக்குக் கடலைப் பத்தி என்னடா கவலை?" என்று ஹாஸ்டலில் ஒருத்தன் கேட்டுட்டான். நியாயமான கேள்விதான். இங்கே இருந்து ராமேஸ்வரம் போக ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்காரணும். ஆனால் நம்ம கிளாஸில் பாதிப் பேர் படிப்பது மின்சாரம், மெக்கானிக்கல், சிவில். அடுத்த பத்து, பதினைந்து வருஷத்தில் தமிழ்நாட்டுக் கடலில் காற்றாலை நட்டால், அதற்கு டிராயிங் போடுவதும், கேபிள் இழுப்பதும், வெல்டிங் சரியா இருக்கா என்று பார்ப்பதும் நம்மில் சிலராகத்தான் இருக்கும். அதனால் இந்தப் பேச்சு நமக்கும் சேர்த்துத்தான்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் தரையில் நிற்கும் காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. முப்பந்தல், கயத்தாறு, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் என்று நல்ல காற்று வீசும் இடங்களில் பெரும்பாலும் நட்டாச்சு. அடுத்து கடல். 2015-இல் மத்திய அரசு கடல் காற்றாலைக் கொள்கையை அறிவித்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாலை நிறுவனம் குஜராத் கடலில் எட்டு, தமிழ்நாட்டுக் கடலில் எட்டு என்று மண்டலங்களை அடையாளம் காட்டியது. நம்ம பக்கம் மட்டும் சுமார் 35,000 மெகாவாட் கிடைக்கும் என்பது கணக்கு. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட், அதோடு இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி. அதற்கு முன்னாலேயே, 2024 பிப்ரவரியில், நம்ம கடலில் 4,000 மெகாவாட்டுக்குக் கடல்தரையைக் குத்தகைக்கு விட டெண்டர் வந்தது. பிறகு அது ரத்தாயிடுச்சு. இதை எழுதும்போது இந்தியக் கடலில் ஒரு டர்பைன்கூட நிற்கவில்லை.

நான் சொல்ல வருவது இந்தக் கடைசி வரியை வைத்துத்தான். ஒன்றுகூட நடவில்லை என்பதால்தான் இது சரியான நேரம். நட்ட பிறகு விதி எழுதினால் அது வெறும் அபராதச் சீட்டு. நடுவதற்கு முன்னால் எழுதினால் அது டிசைனிலேயே உட்காரும்.

சரி, சத்தம் எங்கிருந்து வருது? டர்பைன் சுற்றும்போது வரும் சத்தம் பெரிய பிரச்சினை இல்லை. அஸ்திவாரம் போடும்போதுதான் பிரச்சினை. உலகில் அதிகம் பயன்படுவது மோனோபைல் எனும் ஒற்றை இரும்புக் குழாய். விட்டம் ஏழு, எட்டு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். எடை ஆயிரம் டன்னுக்கு மேல். இதைக் கடல்தரையில் நிறுத்தி, ஹைட்ராலிக் சுத்தியலால் மேலேயிருந்து அடித்து இறக்குவார்கள். ஒரு தூணுக்கு ஆயிரக்கணக்கான அடி, மணிக்கணக்காக நடக்கும்.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல் நீரில் 1,500 மீட்டர். நீரில் ஒலி சீக்கிரம் தேயாது, வெகுதூரம் போகும். கடலில் வெளிச்சம் சில பத்து மீட்டரிலேயே மங்கிப்போவதால், அங்கே வாழும் பாலூட்டிகளுக்கு உலகமே காதுதான். ஓங்கில் ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து மீனைத் தேடும். திமிங்கிலம் பல கிலோமீட்டர் தாண்டி இருக்கும் துணையோடு பேசும்.

2008-இல் டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் 2 காற்றாலைக்குத் தூண் அடித்தபோது, அங்கே இருக்கும் சிறிய கடற்பன்றி வகைகளின் நடமாட்டம் சுமார் 18 கிலோமீட்டர் வரை குறைந்தது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அம்மாபேட்டையில் சுத்தியல் அடித்தால் ஓமலூர் வரைக்கும் ஊர் காலியாவது மாதிரி. பிறகு அவை திரும்பி வந்தன என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு நாளில் பெரும்பகுதி சாப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டிய பிராணிக்கு, சாப்பாட்டு இடத்தை விட்டு ஓடுவது சின்ன விஷயமில்லை. சுத்தியலுக்கு ரொம்பப் பக்கத்தில் மாட்டினால் காதே நிரந்தரமாகப் போகலாம்.

இதற்கு வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனி ஒரு எண் வைத்திருக்கிறது. தூணில் இருந்து 750 மீட்டர் தள்ளி நீருக்குள் அளந்தால், ஒரு அடியின் ஒலி வெளிப்பாட்டு அளவு 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. உச்ச அளவு 190-ஐத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு எச்சரிக்கை: நீரில் சொல்லும் டெசிபலும் காற்றில் சொல்லும் டெசிபலும் ஒன்றல்ல. அடிப்படை அழுத்தமும் ஊடகத்தின் தடையும் வேறு என்பதால், அதே தீவிரத்தைக் காற்றுக் கணக்கில் சொல்ல சுமார் 62-ஐக் கழிக்கணும். "160 டெசிபலா, ராக்கெட்டுக்கே அவ்வளவுதான்" என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் இதைச் சொல்லுங்க.

எந்தத் தடுப்பும் இல்லாமல் பெரிய தூணை அடித்தால் அதே 750 மீட்டரில் 170-ஐத் தாண்டிப் போகும். 10 டெசிபல் குறைப்பது என்றால் ஆற்றலைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பது. சும்மா மெதுவா அடித்துச் சமாளிக்க முடியாது. அதனால் அங்கே பொறியியல் பிறந்தது. தூணைச் சுற்றிக் கடல்தரையில் ஓட்டை போட்ட குழாயை வளையமாகப் போட்டு, கம்ப்ரசரில் காற்றை அழுத்தி விடுவார்கள். குமிழித் திரை ஒன்று மேலே எழும். நீருக்கும் காற்றுக்கும் ஒலித் தடை வேறு வேறு என்பதால், ஒலி அந்தத் திரையில் மோதித் திரும்பும், சிதறும். இதோடு தூணைச் சுற்றி இரட்டைச் சுவர் உறை போடும் முறைகளும் உண்டு. இந்த எண்ணை வைத்துக்கொண்டே ஜெர்மனி 8,000 மெகாவாட்டுக்கு மேல் கடலில் நட்டிருக்கிறது. "விதி போட்டா வேலை நடக்காது" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

பிரிட்டனில் வழி வேறு. சுத்தியலைத் தொடும் முன் குறைந்தது 30 நிமிஷம், 500 மீட்டர் சுற்றளவில் கடல் பாலூட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்வையாளர்கள் தேடுவார்கள். நீருக்குள் மைக் வைத்தும் கேட்பார்கள். பிறகு முதல் 20 நிமிஷமாவது சின்னச் சின்ன அடியாகத் தொடங்கணும். அருகில் இருப்பது விலகிப்போக அவகாசம். அமெரிக்காவில் வைன்யார்டு விண்டு திட்டக்காரர்கள் 2019-இல் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் ரைட் திமிங்கிலங்களுக்காக ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை தூண் அடிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஆசியாவில் தைவானும், நூற்றுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் தன் கரையோர ஓங்கில்களை மனதில் வைத்து, 750 மீட்டரில் 160 டெசிபல் என்ற வரம்பை எடுத்துக்கொண்டது. ஆக இது பணக்கார ஐரோப்பாவின் ஆடம்பரம் மட்டும் இல்லை.

இப்ப நம்ம கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டரும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். வடக்கே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல்.

கடல்பசுவை அந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை மேய்ந்து வாழும் சாது. நாளுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். எழுபது வருஷம் வரை வாழும். ஆனால் ஒரு குட்டி ஈன ஒரு வருஷத்துக்கு மேல் சுமக்கும், அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருஷம் ஆகும். இந்தியா முழுக்க மிஞ்சியிருப்பது சுமார் 200 என்கிற அளவில்தான் மதிப்பிடுகிறார்கள். வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 200 பேரில் வருஷத்துக்கு நாலு பேர் கூடுதலாகப் போனால் அந்த ஊர் என்னாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இங்கேதான் என் முக்கியமான வாதம். வெளிநாட்டு விதியை அப்படியே காப்பி அடித்தால் ஆவுளியா தப்பிக்காது.

ஒன்று, கடற்பன்றி ஓயாமல் 'கிளிக்' ஒலி எழுப்பும். அதனால் நீருக்குள் மைக் போட்டால் இருக்கா இல்லையா என்று தெரியும். ஆவுளியா எதிரொலி வைத்து இரை தேடுவதில்லை. எப்போதாவதுதான் குருவி மாதிரி கீச்சிடும். மைக் அமைதியாக இருந்தால் "யாரும் இல்லை" என்று அர்த்தம் கிடையாது. இரண்டு, அது மூச்சு விட மேலே வரும்போது மூக்கு நுனி மட்டும்தான் தெரியும். கலங்கின தண்ணியில் கப்பல் மேலிருந்து 500 மீட்டரில் அதைக் கண்டுபிடிப்பது, காந்தி ஸ்டேடியம் கூட்டத்தில் தொலைந்த செருப்பைத் தேடுவது மாதிரி. ட்ரோனில் மேலிருந்து பார்க்கும் முறை வேண்டும். மூன்று, சத்தம் போட்டுத் துரத்தினால் அது எங்கே போகும்? கடற்புல் எல்லா இடத்திலும் இல்லை. மேய்ச்சலை விட்டு ஓடினால் வலை போட்டிருக்கும் இடத்துக்கோ படகு ஓடும் வழிக்கோ போகும். மெதுவா அடித்து விரட்டும் முறை, ஓடிப்போக நல்ல இடம் இருக்கும் பிராணிக்குத்தான் சரி.

நம்ம சட்டத்தில் என்ன இருக்கு? 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகளில் எண்கள் இருக்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45. தொழிற்பகுதி, வணிகப் பகுதி, அமைதிப் பகுதி என்று தனித்தனி எண். அந்தப் பட்டியலில் கடல் இல்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலையும் இல்லை, பசுமை ஆற்றல் என்பதால். 2021-இல் மத்திய அரசு கரை ஒதுங்கும் கடல் பேருயிர்களைக் கையாள வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல ஆவணம்தான். ஆனால் அது ஒதுங்கிய பிறகு என்ன செய்வது என்று சொல்வது. எனக்கு வேண்டியது ஒதுங்கும் முன்னாடி.

நேர்மையா ஒன்று சொல்லணும். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கி, நாற்பதுக்கு மேல் இறந்தன. மீனவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கடலுக்குள் தள்ளிவிட்டும் சில திரும்பி வந்தன. அந்தப் படங்கள் இப்பவும் "காற்றாலை வந்தால் இதுதான்" என்று சுற்றினால் நம்பாதீங்க. அப்போது அங்கே கடலில் காற்றாலையும் இல்லை, தூணும் இல்லை. அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருக்கு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் திமிங்கிலங்கள் இறப்பதற்குக் காற்றாலைதான் காரணம் என்ற பிரச்சாரத்துக்கும் ஆதாரம் இல்லை என்று அந்நாட்டுக் கடல்வள அமைப்பே சொல்லியிருக்கு. பொய்யை வைத்து நல்ல விதி கேட்க முடியாது. தூண் அடிக்கும் சத்தம் விலங்கைத் துரத்துகிறது, பக்கத்தில் இருந்தால் காதைக் கெடுக்கிறது. நிரூபணமான இந்த இரண்டுமே விதி கேட்கப் போதும்.

"நிலக்கரி எரித்தால் கடல் சூடாகி எல்லாமே சாகும், அதுக்குக் காற்றாலை மேல் இல்லையா?" என்று கேட்பீங்க. மேல்தான். மேட்டூர் அனல் மின் நிலையப் புகைபோக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நான் காற்றாலைக்கு எதிரி இல்லை. ஆனால் நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்பது அளக்காமல் செய்ய அனுமதி ஆகாது. "செலவு கூடும், யூனிட் விலை ஏறும்" என்பதும் உண்மைதான். அதைக் கடைசி நேரத்தில் திணித்தால்தான் திட்டம் திணறும். டெண்டரிலேயே எண்ணை எழுதினால் எல்லா நிறுவனமும் அதே கணக்கில் விலை சொல்லும். அரசு கொடுக்கும் அந்த 7,453 கோடி நம்ம வரிப்பணம். பணம் கொடுக்கிறவன் நிபந்தனை போடுவதில் தப்பே இல்லை.

இன்னொரு நியாயமும் இருக்கு. கிழக்குக் கரை விசைப்படகு மீனவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் பெருகட்டும் என்று. வீட்டில் அடுப்பு எரிய கடன் வாங்கிக்கொண்டு அதைக் கடைப்பிடிக்கிறார்கள். வலையில் சிக்கின ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவித்த பாக் விரிகுடா மீனவர்களும் இருக்கிறார்கள். அறுந்த வலை அவங்க காசு. இவ்வளவு விதி படகுக்காரருக்கு உண்டு, ஆயிரம் டன் தூணை அடிக்கிறவருக்கு மட்டும் ஒரு எண்கூடக் கிடையாது என்றால், மீனவர் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்.

முதல் தூணுக்கு முன், குறைந்தது இரண்டு வருஷம் நீருக்குள் மைக்கும் மேலே ட்ரோனும் வைத்து, எந்த மாசம் எது எங்கே இருக்கிறது என்று பதிவு செய்யணும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கடல் கொந்தளிக்கும், கிரேன் கப்பலுக்கு அமைதியான மாசங்கள்தான் வேண்டும். அதே மாசங்களை விலங்குகளும் விரும்பினால், எதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணணும். 750 மீட்டரில் இத்தனை டெசிபல் என்று எண்ணாகவே ஒரு வரம்பு வேண்டும். "முடிந்தவரை குறைக்க வேண்டும்" என்ற வாசகம் வேண்டாம், அதை யாரும் அளக்க முடியாது. கடற்புல் படுகைக்குப் பக்கத்தில் சுத்தியலே வேண்டாம். ஸ்காட்லாந்தின் சீகிரீன் காற்றாலையில் 114 டர்பைன்களுக்கும் உறிஞ்சி இறக்கும் வாளி வகை அஸ்திவாரம்தான், சுத்தியல் அடியே இல்லை. நம்ம மண்ணுக்கு அது சரிப்படுமா என்று சோதித்துப் பார்க்கணும். பார்வையாளர் வேலைக்குக் கரையோர மீனவக் குடும்பப் பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து எடுக்கணும், "நிறுத்து" என்று சொன்னால் சுத்தியல் நிற்கும் அதிகாரத்தோடு. கடைசியா, அளந்த எண்ணை அன்றன்றைக்கே எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடணும்.

இதில் நமக்கு என்ன வேலை? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. உயர் அழுத்தக் கம்ப்ரசரைப் பாறையோடு மல்லுக்கட்ட வைக்கும் அனுபவம் நம்ம பக்கத்து ஊரிலேயே இருக்கு. குமிழித் திரைக்கும் கம்ப்ரசர்தான் உயிர், கடலில் எண்ணெய் கலக்காத வகையாக இருக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். நீரொலி அளக்கும் மைக்கும், சர்க்யூட்டும், ட்ரோன் படத்தில் மூக்கு நுனியைத் தேடும் நிரலும் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தாராளமாகத் தகும். ஒவ்வொரு வருஷமும் அதே தானியங்கி தண்ணீர் மோட்டார் சுவிட்சைத் திரும்பச் செய்வதற்கு, இதில் ஒன்றை எடுத்துப் பாருங்களேன்.

ரிக் வண்டி வந்த ராத்திரி நம்ம தெருவில் யாராவது ஒருத்தர் கதவைத் திறந்து வெளியே வந்து, "அண்ணா, பத்து மணிக்கு மேல வேண்டாம், குழந்தைங்க தூங்கணும்" என்று சொல்வாங்க. சில நேரம் நிறுத்தவும் செய்வாங்க. ஆவுளியாவால் வெளியே வந்து சொல்ல முடியாது. அதனால்தான் அதை முன்னாடியே ஒரு எண்ணாக எழுதி வைக்கச் சொல்கிறேன்.